எத்தனை நொடி

மலைமேல் ஐந்து குடில்கள்.
குடிலுக்கு ஒரு கணினி, பனியின் உயரத்தைக்
கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும்.
கீழே, ஈசாஃப்யோர்துர் துறைமுகத்தில்
மீன் கிடங்கின் மாடியில் நாங்கள் மூன்று பேர்,
ஒரு சர்வர், கழுவாத காபிக் குடுவை.

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி இருபத்தைந்து வாக்கில்தான் தெருவைத் தொடும்.
அன்று ஊரே பான்கேக் சுடும்.
இடைப்பட்ட இருட்டில்
மின்சாரம் போவதும் வருவதுமாக
எங்கள் கணினிகள் செத்துச் செத்து எழும்.

எழும் கணினிக்குத் தன் பெயர் தெரியாது.
எதற்காக இந்த மலையில் இருக்கிறோம் என்று தெரியாது.
பூட் லோடர் என்கிற ஒரு பொடி நிரலுக்காகக் காத்திருக்கும்.
அதை எங்கே தேடுவது,
தன் வட்டிலா, கம்பிக்கு அந்தப் பக்கமா
என்பதை மட்டும்
நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வட்டில்தான் என்றாள் ஸ்டைன்வோர்.
அவள் மறக்கவில்லை,
நானும் மறக்கவில்லை:
போன வருஷம் பனி சரிந்து கேபிளை அறுத்துப்போட்டது.
மூன்றாம் நாள் நான் ஏறிப்போனபோது
வட்டில்லாத அந்தக் குடிலின் திரையில்
ஒரே வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக:
சர்வரிடமிருந்து பதில் இல்லை. மீண்டும் முயல்கிறேன்.
சர்வரிடமிருந்து பதில் இல்லை. மீண்டும் முயல்கிறேன்.
கையுறையைக் கழற்றாமலே
அணைத்தேன்.
திரை இருண்ட பிறகும் வரிகள் ஓடின, எனக்கு.

நெட்வொர்க்தான் என்றான் பிராந்தூர்.
அவன் பக்கமும் ஒரு குளிர்காலம் இருந்தது.
நான்காம் குடில் தன் வட்டிலிருந்தே எழும்,
தன்மானமுள்ள குடில்.
அதன் பழைய நிரலில் ஒரு பிழை,
கழித்தல் குறியைக் கண்டால் விழுங்கிவிடும்.
மைனஸ் ஒன்பது ஒன்பதாகி
ஜனவரி நடுவில்
மலையுச்சியில் வசந்தம் என்று
எட்டு நாள் அறிக்கை அனுப்பியது.
மற்ற நான்கையும்
நாற்காலியை விட்டு எழாமல் திருத்தினான்.
அதற்கு மட்டும் நான்
யூஎஸ்பி குச்சியை உள்சட்டைக்குள் வைத்து
மார்ச்சூட்டில் சுமந்துகொண்டு ஏறினேன்.

எந்தப் பக்கம் ஜெயித்தாலும்
ஏறப்போவது நான்தான்.
அதனால் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்திலும் வட்டு இருக்கட்டும் என்றேன்.
முதலில் கூப்பிடட்டும்,
பதில் வராவிட்டால்
தன்னிடம் இருப்பதைக் கொண்டு எழட்டும்.
அப்பாடா என்றிருந்தது மூன்று பேருக்கும்,
எத்தனை நொடி கழித்து என்று
ஸ்டைன்வோர் கேட்கும்வரை.

ஐந்து என்றாள் அவளே.
நூற்றிருபது என்றான் பிராந்தூர்.
அடுத்த இரண்டு நாளும்
குட்மார்னிங் சொல்வதற்குப் பதில்
ஆளுக்கொரு எண் சொன்னோம்.

மூன்றாம் நாள் நான்
நடுவழிக் கம்பத்தில் இருக்கும் ஸ்விட்சை
அணைத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாற்பத்தோரு நொடி.
அதுவும் தூங்கி எழ வேண்டுமே,
அதை யாரும் யோசிக்கவில்லை.
ஐந்து நொடியில் பொறுமை இழக்கும் குடில்
எந்தக் காலத்திலும் எங்கள் குரலைக் கேட்டிருக்காது,
நாங்கள் உரக்கக் கத்திக்கொண்டிருந்தாலும்.

ஐம்பது என்று எழுதினேன்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை. பாராட்டவும் இல்லை.

ஜனவரி பதினாறு, பின்னிரவு.
விளக்குகள் போயின, வந்தன.
நாற்பத்துமூன்றாம் நொடியில் இரண்டு குடில்கள் பேசின,
பிறகு இன்னும் இரண்டு.
ஐந்தாவதன் கேபிள் எங்கோ
பனிக்கடியில் நசுங்கிக் கிடந்தது.
மிச்சம் ரேடியோ மட்டும்.
நாலு எண்களை அனுப்ப அது போதும்,
ஒரு நிரலைத் தூக்கிச் செல்ல அதற்கு முதுகு இல்லை.

நாற்பத்தொன்பது.
ஐம்பது.
பிராந்தூர் குடுவையைக் கழுவ ஆரம்பித்திருந்தான்.
ஐம்பத்தெட்டு, எழுபது, தொண்ணூறு,
நான் எண்ணுவதை விட்டேன்.

பிறகு ஒரு வரி வந்தது,
போன செப்டம்பரின் பழைய வடிவத்தில்.
மணி கேட்க ஆளில்லாததால்
தேதி 1970, ஜனவரி ஒன்று.
பனி: இரண்டு மீட்டர் பதினான்கு.

கீழ்த்தெரு வீடுகளைக் காலி செய்யச் சொல்லி
ஸ்டைன்வோர் போனை எடுத்தாள்.
தேதியை நான் கையால் திருத்தினேன்.